வளைவுக்குள் நுழையும் வேகம்: தைரியமா, தெளிவா?



"அண்ணே, இந்தக் கோனர்ல எவ்வளவு வேகத்துல உள்ள போலாம்?" நம் கிளையில் மோட்டார் ஓட்டும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் இரண்டு வகை. நேர்ச்சாலையில் நன்றாக ஓட்டிவிட்டு, வளைவு வந்ததும் உடம்பு விறைத்துப் போகிறவர்கள் ஒரு வகை. வளைவு வந்தாலே முறுக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் எப்படியோ தப்பித்து வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நம்பிக்கை இல்லை என்றும் இரண்டாம் வகைக்கு நிறைய இருக்கிறது என்றும் நாம் நினைக்கிறோம். கூடவே ஓட்டிப் பார்த்ததில் நான் கண்டது வேறு. இரண்டு பேருக்கும் இல்லாதது ஒன்றே. வளைவுக்குள் போவதற்கு முன்னால் தன் வேகத்தைத் தானே முடிவு செய்யத் தெரியவில்லை. ஒருவர் அதைப் பயத்திடம் விட்டுவிடுகிறார், மற்றவர் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறார்.

சமயம், பண்பாடு, படிப்பு என்று எழுதும் இதழில் மோட்டார் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். அதில் நம் வயதுப் பிள்ளைகள் நிறைய. நம் கூட்டங்களுக்கும், தேவார வகுப்புக்கும், கோயில் துப்புரவுப் பணிக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் கப்சாயில்தான் வருகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். அதற்கு இந்தப் பாடமும் வேண்டும்.

16 வயதில் பி2 லைசென் எடுக்கும்போது குறுகிய பலகை மேல் ஓட்டக் கற்றோம், கோன்களைச் சுற்றி வளைந்து போகக் கற்றோம். அவை மெதுவான வேகத்தில் நிதானத்தைக் கற்றுத் தருபவை. உலு லங்காட்டிலிருந்து பெரஸ் மலை ஏறித் தித்தி பக்கம் இறங்கும் சாலையிலோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் 59-ஆம் எண் சாலையிலோ ஒன்றன்பின் ஒன்றாக வரும் வளைவுகளுக்கு வேறு பாடம் தேவை. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வளைவில் என்ன நடக்கிறது?

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், எஸ்.பி.எம். பௌதிகம்தான்.

மலைச் சாலையில் 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 கி.மீ. வேகத்தில் போனால் மோட்டார் ஏறக்குறைய 23 டிகிரி சாய வேண்டும். அதே வளைவில் 50-ல் போனால் 33 டிகிரி. 60-ல் போனால் 43 டிகிரி. டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டிய பாரத்தைப் பார்த்தால், 40-ல் அது மோட்டாரும் ஆளும் சேர்ந்த எடையில் 42 விழுக்காடு. 50-ல் 66 விழுக்காடு. 60-ல் 94 விழுக்காடு. அதாவது நல்ல காய்ந்த தாரில் டயர் தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே போய்விட்டோம். பல கப்சாய்களில் அவ்வளவு சாய்வதற்கு முன்பே கால்மிதி தரையில் உரசத் தொடங்கிவிடும்.

வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. டயரின் பாரமோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கினால் வருவதுதான் இந்தப் பாரம். நேர்ச்சாலையில் 40-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வளைவுக்குள் அந்த 10 கி.மீ. ஒரு பெரிய தொகை. "கொஞ்சம்தான்ணே கூடப் போனேன்" என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. நுழையும்போது 5 கி.மீ. குறைத்தால்கூட டயருக்கும் நமக்கும் கிடைக்கும் நிம்மதி ரொம்பப் பெரிது.

இன்னொன்று. டயரின் பிடி ஒரே பானைச் சோறு மாதிரி. பிரேக்கும் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது, வளைவும் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது. நன்றாகச் சாய்ந்திருக்கும்போது பிரேக்கைப் பலமாகப் பிடித்தால் பானை காலி. மழை, மணல், சிந்திய எண்ணெய் இருந்தால் பானையே சின்னதாகிவிடுகிறது. அதனால்தான் பலமான பிரேக் வேலையை மோட்டார் நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடச் சொல்கிறோம்.

2. பயம் நம் கையை என்ன செய்கிறது?

அமெரிக்காவில் கீத் கோட் என்பவர் 1980-ல் கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கியவர். பயந்த நேரத்தில் ஓட்டுநரின் உடம்பு தானாகச் செய்யும் காரியங்களை அவர் தம் நூலில் பட்டியலிட்டார். முறுக்கிய கை சட்டென்று மூடுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறோம். பார்வை குறுகுகிறது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது. கண் நின்ற பக்கமே மோட்டாரும் போகிறது. அல்லது கை உறைந்துபோய் மோட்டாரைத் திருப்பவே முடிவதில்லை. இல்லையென்றால் பிரேக்கைத் தவறாகப் பிடிக்கிறோம்.

இவையெல்லாம் உயிர் பிழைப்பதற்காக உடம்பு செய்பவை. நடந்து போகும்போது இவை உதவலாம். சாய்ந்திருக்கும் மோட்டாரில் இவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன. சட்டென்று கையை மூடினால் எடை முன்பக்கம் பாய்ந்து மோட்டார் தடுமாறுகிறது. முன்பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிமிர்ந்து வெளிப்பக்கம் ஓடப் பார்க்கிறது. கைப்பிடியை இறுக்கினால் திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்ப முடியாது.

"பயப்படாதே" என்று சொல்வதால் இது மாறாது. வள்ளுவர் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைக் கோழைத்தனத்தில் சேர்க்கவில்லை. அறிவுடைமை என்ற அதிகாரத்தில்தான் வைத்தார். பயம் ஒரு செய்தி. வளைவுக்கு முன்னால் வந்தால் அது நல்ல செய்தி, வேகத்தைக் குறைக்க இடமிருக்கிறது. வளைவுக்கு நடுவில் வந்தால் தாமதமான செய்தி. பயத்தை முன்கூட்டியே வரவைத்து, அங்கேயே அதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் நம் பாடம்.

3. வேகம் முடிவாகும் இடம்

ஒரு வளைவை ஐந்து வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரிசை மாறக்கூடாது.

முதலாவது, பார். வளைவு எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, குறை. நேராக, நிமிர்ந்த நிலையில், இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்துங்கள். முன்பிரேக்கைத் தொடவே பயப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்கு வருவதால் அதிகம் நிறுத்துவது முன்சக்கரம்தான். சட்டென்று இழுக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் அது நம் நண்பன்.

மூன்றாவது, கியர். வளைவுக்குள் போகுமுன் சரியான கியருக்கு இறங்கிவிடுங்கள். ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி கிளட்ச் பிடி இல்லாத மோட்டாரில் கியரை இறக்கிக் காலை எடுக்கும்போது ஒரு இழுப்பு வரும். அந்த இழுப்பு சாய்ந்திருக்கும்போது வரக்கூடாது.

நான்காவது, திருப்பு. இங்கே ஒரு ரகசியம். மெதுவான வேகத்தைத் தாண்டிவிட்டால் மோட்டார் சாய்வது நாம் உடம்பை வளைப்பதால் மட்டும் இல்லை. இடது பக்கம் போகணும்னா இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளணும். வலது பக்கம் போகணும்னா வலது கைப்பிடியை. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆளில்லாத நேர்ச்சாலையில் 40-ல் போகும்போது ஒரு கைப்பிடியை உள்ளங்கையால் லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள், மோட்டாரே சொல்லித் தரும். இது தெரியாமல்தான் "மோட்டார் திரும்ப மாட்டேங்குது" என்று பலர் பயப்படுகிறார்கள்.

ஐந்தாவது, மெல்லத் திற. மோட்டார் சாய்ந்து நம் பாதையில் நின்றதும் திராட்டலைச் சிறிதளவு திறந்து அப்படியே நிதானமாக வைத்திருங்கள். வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் திறக்கலாம்.

இந்த ஐந்தாவது வேலைதான் நுழைந்த வேகம் சரியா என்பதற்கான பரீட்சை. உள்ளே போனதும் திராட்டலைத் திறக்க மனம் வந்தால் வேகம் சரி. மூடணும், பிரேக் பிடிக்கணும் என்று தோன்றினால் அதிக வேகத்தில் வந்துவிட்டீர்கள், அடுத்த முறை 5 கி.மீ. குறையுங்கள். ரொம்ப நேரம் சும்மா உருண்டுகொண்டு, திறக்க நிறைய இடம் மிச்சமிருந்தால் அடுத்த முறை 2, 3 கி.மீ. கூட்டிப் பார்க்கலாம். "எவ்வளவு வேகம்ணே?" என்ற கேள்விக்கு நான் எண் சொல்லாததற்குக் காரணம் இதுதான். உங்கள் டயர், உங்கள் எடை, அன்றைய தரை, இவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொல்லக்கூடியது உங்கள் வலது கை மட்டும்தான்.

செப்பாங் தடத்தில் பந்தய வீரர்கள் சாய்ந்துகொண்டே பிரேக் பிடிப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். 1999-ல் திறந்த அந்தத் தடம் 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். அவர்கள் அதே 15 வளைவுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். எதிரே லோரி வராது, விழுந்தால் சறுக்கி நிற்க இடம் இருக்கிறது. நம் சாலையில் அந்த மூன்றும் இல்லை. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை அல்ல, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் தொடங்கும் இடத்தை முன்பே குறித்து வைத்திருக்கும் ஒழுங்கை.

4. சாலையைப் படிக்கும் கண்

தூரத்தில் சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றாகச் சேர்வதுபோல் ஒரு புள்ளி தெரியும். அதற்கு அப்பால் சாலை மறைந்திருக்கும். பிரிட்டன் போலீஸ் ஓட்டுநர்களுக்கான ரோட்கிராஃப்ட் கையேடு இந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்யக் கற்றுத் தருகிறது. அதன் பயன் மிக எளிது. அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்துகொண்டிருந்தால் நீங்கள் வளைவைவிட வேகமாகப் போகிறீர்கள், குறையுங்கள். உங்களோடு சேர்ந்தே நகர்ந்தால் வேகம் பொருத்தமாக இருக்கிறது. உங்களைவிட்டு ஓடத் தொடங்கினால் வளைவு விரிகிறது, மெல்லத் திறக்கலாம்.

இதோடு ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடியணும். 60-ல் போகும்போது ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வைத்தால், அதற்குள் 17 மீட்டர் போய்விடும். பிறகு நன்றாகப் பிரேக் பிடித்தாலும் இன்னும் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 40 மீட்டர். 40-ல் போனால் மொத்தம் 21 மீட்டரே போதும். செம்பனைத் தோட்டத்து வளைவில் 25 மீட்டர்தான் தெரிகிறது என்றால், எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்று இனி நீங்களே சொல்வீர்கள்.

அப்பால் என்ன இருக்கும்? தோட்டத்து முச்சந்தியில் லோரி டயர் இழுத்து வந்த செம்மண். விழுந்து கிடக்கும் செம்பனைக் குலை. சாலையைக் கடக்கும் குரங்கு, நாய், உடும்பு. மாலை மழையில் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதக்கும், அப்போது வழுக்கல் அதிகம். வெள்ளைக் கோடும் சாக்கடை இரும்பு மூடியும் நனைந்தால் சோப்பு மாதிரி.

எந்தப் பக்கமாகப் போவது? நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். இடது வளைவில், நம் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் வலது பக்கமாக நின்று வந்தால் வளைவுக்குள் அதிக தூரம் தெரியும். எதிரே வண்டி வந்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். வலது வளைவில், இடது பக்கமாக வந்தால் பார்வை விரியும், ஆனால் ஓரத்து மணலையும் லோங்காங்கையும் கவனிக்கணும். வலது வளைவில் இன்னொரு ஆபத்து உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்த நிலையில் நம் தலை கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். எதிரே வரும் லோரியின் கண்ணாடி அங்கேதான் இருக்கும்.

பார்வை என்றதும் நமக்கு அர்ஜுனன் நினைவு வருகிறது. துரோணர் வைத்த சோதனையில் மரமும் கிளையும் தெரியாமல் பறவையின் கண் மட்டும் தெரிந்தது என்று சொன்னவன். ஒரே இலக்கைப் பார் என்று இந்தக் கதையிலிருந்து படித்தோம். மோட்டார் ஓட்டும்போது அதில் இன்னொரு பாடமும் தெரியும். அவன் இலக்கை முதலில் சரியாகத் தேர்ந்தெடுத்தான். வளைவில் பயந்தவனும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறான், ஆனால் அது இரும்புத் தடுப்பு அல்லது குழி. அங்கேயே போய் இடிக்கிறான். கண் குத்திட்டு நிற்பது நம் விருப்பத்தைக் கேட்பதில்லை, எங்கே நிற்கட்டும் என்பதை நாம் பழக்கலாம். குழியைப் பார்த்தீர்களா, சரி. உடனே அதற்குப் பக்கத்தில் போகும் நல்ல வழிக்குக் கண்ணை எடுத்துப் போங்கள். முகவாயை வளைவு வெளியேறும் பக்கம் திருப்புங்கள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை தானே தள்ளும்.

5. நான்கு வாரப் பயிற்சி

நம் கிளைப் பிள்ளைகளோடு ஞாயிறு காலையில் செய்து பார்த்த முறை இது. ஹெல்மெட், கையுறை, மூடிய காலணி, நீளக்கை சட்டை இல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம்.

முதல் வாரம், அனுமதி பெற்ற காலியான கார் நிறுத்துமிடம். நேராக 40-ல் வந்து, குறித்த இடத்தில் பிரேக் தொடங்கி 20-க்கு இறங்குங்கள். இருபது முறை. எந்த இடத்தில் தொடங்கினால் எங்கே 20 வருகிறது என்று உடம்புக்குப் பழகும்வரை செய்யுங்கள்.

இரண்டாம் வாரம், அதே இடத்தில் 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். கோன் இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தல் போதும். 20 கி.மீ. வேகத்தில் இடப்பக்கம் பத்துச் சுற்று, வலப்பக்கம் பத்துச் சுற்று. சாய்வு 17 டிகிரிதான். கண் எப்போதும் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கணும். ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் கஷ்டமாகவும் இருக்கும், அது எல்லோருக்கும் உள்ளது. கஷ்டமான பக்கத்துக்கு ஐந்து சுற்று கூட.

மூன்றாம் வாரம், உங்களுக்குத் தெரிந்த, போக்குவரத்துக் குறைந்த, நன்றாகப் பார்வை தெரியும் ஒரே ஒரு வளைவு. பகல், காய்ந்த தரை. பத்து முறை ஒரே வேகத்தில் போங்கள். சுலபம் என்று நினைக்கும் வேகத்தைவிட 10 குறைத்தே தொடங்குங்கள். வேகமானியை வளைவுக்கு முன்னால் ஒரு முறை பாருங்கள், உள்ளே போனபின் பார்க்க வேண்டாம். பத்து முறையும் ஐந்தாவது வேலை சரியாக வந்தால் மட்டும் 3 கி.மீ. கூட்டலாம். சாலைக் குறியீட்டில் உள்ள வேகத்தைத் தாண்டக் கூடாது.

நான்காம் வாரம், புதிய சாலை. அங்கே வேகத்தை மறந்துவிட்டு அந்தப் புள்ளியை மட்டும் படியுங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது நல்லது. "வருது, வருது, குறை... நிக்குது... ஓடுது, திற." ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது.

இந்தப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, தன் நண்பன் விழுந்ததைப் பார்த்ததிலிருந்து வளைவு என்றாலே கை நடுங்குவதாகச் சொன்னான். நாங்கள் அவனை 30-க்கு மேல் போகவே விடவில்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டான். மூன்றாம் வாரம் முடிந்தபோது அவன் சொன்னது என் மனதில் நிற்கிறது. "அண்ணே, அதே வளைவுதான், ஆனா இப்ப உள்ள நிறைய நேரம் இருக்கிற மாதிரி இருக்கு." நம்பிக்கை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. நேரம் இருக்கிறது என்ற உணர்வு. அது மெதுவாக நுழைந்தவருக்குத்தான் கிடைக்கும்.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மனம் அடங்குவதில்லையே என்று அர்ஜுனன் கேட்கும்போது கண்ணன் காட்டும் வழிகள் இரண்டு, இடைவிடாத பயிற்சியும் பற்றின்மையும். பயிற்சியைப் பார்த்தோம். வளைவில் பற்றின்மை என்றால், முன்னால் போகிறவனைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையைக் கழற்றி வைப்பது.

6. வேகமாக நுழைந்துவிட்டால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகும். அப்போது மூன்று காரியம். திராட்டலைச் சட்டென்று மூடாதீர்கள், முன்பிரேக்கை இழுக்காதீர்கள். கண்ணை வெளியேறும் பக்கம் கொண்டுபோங்கள். உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். நாம் சாதாரணமாகச் சாயும் அளவைவிட மோட்டார் அதிகம் சாயும். பெரும்பாலும் மோட்டாரால் முடிந்த வளைவைத்தான் ஓட்டுநர் கைவிடுகிறார்.

முன்னால் நேராக இடம் இருந்தால், மோட்டாரை நிமிர்த்திப் பலமாகப் பிரேக் பிடித்து, வேகம் குறைந்தபின் மறுபடி சாய்க்கலாம். எது முடியும் என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. அதைக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவான வேகத்தில் பழகி வைத்தவருக்கே அந்த நொடியில் கை கேட்கும்.

7. கூட்டமாகப் போகும்போது

நம் இயக்கத்தில் பத்துப் பதினைந்து மோட்டார்கள் சேர்ந்து கோயிலுக்கோ முகாமுக்கோ போவது வழக்கம். வளைவு விபத்துக்கு இது ஒரு பெரிய காரணமாகலாம். முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருகிறவர் உள்ளே போகிறார். முன்னவருக்கு ஒய்15, இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், ஐந்து வருட அனுபவம். பின்னவருக்குப் பழைய டிரம் பிரேக், பின்னால் தங்கச்சி, கையில் பூசைப் பொருள் பை. இரண்டு பேருக்கும் ஒரே நுழைவு வேகம் எப்படிச் சரியாகும்?

அதனால் நம் கிளையில் நான்கு வழக்கங்கள் வைத்திருக்கிறோம். புதியவர் தலைவருக்கு அடுத்த இடத்தில் வருவார், அவர் வேகமே கூட்டத்தின் வேகம். வளைவுச் சாலையில் வரிசை விரியட்டும், யாரும் துரத்த வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசி ஆள் வரும்வரை காத்திருப்போம். தாமதமாக வந்தவரைக் கிண்டல் செய்யக் கூடாது. இந்த நான்காவதுதான் முக்கியம். "என்னடா ஆமை மாதிரி" என்று கடையில் தே தாரிக் குடிக்கும்போது நாம் சொல்லும் ஒரு வார்த்தை, அடுத்த வளைவில் அவன் வேகத்தை 10 கி.மீ. கூட்டிவிடும். அந்த 10 என்ன செய்யும் என்று முதல் பகுதியில் கணக்குப் போட்டோம்.

8. மோட்டாரையும் கொஞ்சம் பாருங்கள்

புது மோட்டார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்குகிறோம். ஆயுத பூசை அன்று பொட்டு வைக்கிறோம். அந்த மரியாதை மற்ற நாள்களிலும் இருக்கணும். வாரம் ஒரு முறை, மோட்டார் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள், அளவு கையேட்டில் இருக்கும். டயர் பூ தேய்ந்தால் மாற்றுங்கள். அழகுக்காக மெலிந்த டயர் போடுவதும் பக்கக் கண்ணாடியைக் கழற்றுவதும் வேண்டாம், பானையை நாமே சின்னதாக்குவது அது. பின்னால் ஆள் இருந்தால் நிறுத்தும் தூரம் கூடும், கால்மிதி சீக்கிரம் உரசும், ஆகவே நுழையும் வேகத்தைக் குறைக்கணும்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச

ஒன்று: நீங்கள் தினமும் போகும் வழியில் எந்த வளைவு உங்களைப் பயமுறுத்துகிறது? அங்கே எத்தனை மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறது? எதற்காக அந்தப் பயம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?

இரண்டு: அந்த வளைவுக்குப் பிரேக் தொடங்க ஓர் அடையாளம் தேர்ந்தெடுங்கள். விளக்குக் கம்பம், மரம், அறிவிப்புப் பலகை எதுவானாலும் சரி. நிழலையும் நிறுத்தி வைத்த காடியையும் அடையாளமாக வைக்க வேண்டாம், அவை நாளைக்கு அங்கே இருக்காது.

மூன்று: கடைசியாகக் கூட்டமாகப் போனபோது உங்கள் வேகத்தை முடிவு செய்தது யார்?

நான்கு: உங்கள் கிளையின் அடுத்த பயணத்துக்கு எந்த வழக்கங்களை வைப்பீர்கள்? பேசி முடித்து எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு "நான்தான்" என்று தயங்காமல் சொல்ல முடிகிற நாளில் இந்தப் பாடம் உங்களுக்கு முடிந்தது. அதுவரை அந்தக் கார் நிறுத்துமிடத்துக்கு இன்னும் ஒரு ஞாயிறு போய் வாருங்கள்.